கல் வீட்டை இடிக்கக் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். நாலு வரி படித்துவிட்டு 'சூப்பர் டீச்சர்' என்று போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே நீங்கள் கேள்வியைப் படிக்காமல் விடை எழுதியவர்கள்தான்.

விஷயம் இதுதான். தொப்பம்பட்டியில் எங்கள் தாத்தா கட்டிய கல் வீட்டை இடித்துவிட்டு, கீழே நாலு கடையும் மேலே இரண்டு வீடும் கட்டுவதாகக் குடும்பத்தில் பேசி முடித்துவிட்டார்கள். பேசி முடித்தவர்கள் எல்லாம் ஆண்கள். எனக்கு வந்தது பத்திரத்தின் நகலும், "அத்தை, பென்சிலில் டிக் போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்ற ஒரு செய்தியும்தான்.

முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளிடம், "படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று சொன்னவள் நான். அதனால் படித்தேன். படித்துவிட்டுச் சொல்கிறேன், கையெழுத்துப் போட மாட்டேன். காரணத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினால் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மைதான் வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். என் மாணவர்களில் இஞ்சினியர்கள் இருக்கிறீர்கள், மேஸ்திரிகள் இருக்கிறீர்கள், பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார். நான் சொல்வதில் தப்பு இருந்தால் நீங்களே திருத்துங்கள்.

போன மாதம் என் தங்கை பேத்தியின் சேர்க்கைக்காக ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குத் துணைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் இந்த வீட்டு யோசனைதான். அங்கே போய் இறங்கினால், வாசலிலேயே எனக்குப் பதில் இருந்தது.

அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்தான் இருக்கிறது 'ஸ்டோன் ஹவுஸ்'. மலை மக்கள் அந்தக் காலத்தில் வைத்த பெயர் 'கல் பங்களா'. ஊட்டியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் வீடு அது. கட்டியவர் ஜான் சல்லிவன். 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டர். நீலகிரி அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. 1819 ஜனவரியில் அவர் முதல்முறையாக மலை ஏறினார். முதலில் கோத்தகிரிக்குப் பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். பிறகு 1822-ல் ஊட்டியில் கல் பங்களா வேலையைத் தொடங்கி, 1823-ல் முடித்துக் குடியேறினார்.

இந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1823. நாம் இன்று மூட்டை மூட்டையாக வாங்கும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் காப்புரிமை வாங்கியது 1824-ல். அதாவது உலகத்தில் அந்தப் பெயரில் சிமெண்ட் வருவதற்கு முன்னாலேயே ஊட்டியில் அந்த வீட்டு வேலை முடிந்துவிட்டது. வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியும் அடிக்கிற மலையில் 200 வருஷம் தாண்டி நிற்கிறது. இன்றும் அந்த வளாகத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இடிப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம்: "வீடு பழசாயிடுச்சு, என்னிக்கு வேணும்னாலும் விழும்."

நிலைவாசலுக்கு மேலே கல்லில் 1928 என்று செதுக்கியிருக்கிறது. இன்னும் நூறு வயது ஆகவில்லை. நம் ஜில்லாவின் தலைநகரில் ஒரு மலைக்கோட்டை இருக்கிறதே, அதை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது 1605-ல். அந்தக் கல்லை விடவா நம் கரட்டுக் கல் மட்டம்?

கல் வீடு வயதால் விழுவதில்லை. தண்ணீரால் விழுகிறது. கூரை ஒழுகி, சுவரின் தலையில் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் காரை கரைந்தால் கல் நகரும். சுவர் இடுக்கில் அரச விதை விழுந்து முளைத்தால் வேர் கல்லைப் பிரிக்கும். நம் வீட்டில் இந்த இரண்டும் நடந்திருக்கிறது. மேற்குப் பக்கம் பத்துச் சீமை ஓடு உடைந்து எட்டு வருஷம் ஆகிறது. மாற்ற ஒருவருக்கும் நேரமில்லை. இடிப்பதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

அடிச்சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது என்று போட்டோ எடுத்துப் போட்டீர்களே, அது ஏன் என்று கேட்டீர்களா? 1980-களில் பெரியண்ணன், "சுண்ணாம்பு உதிருது, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு அடித்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் பழைய கல் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த மூச்சை அடைத்துவிட்டது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்று, உப்பைக் கக்குகிறது. வயதானவருக்கு வேர்க்காமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் சட்டை போட்டுவிட்ட மாதிரி. வீட்டுக்கு வந்த நோய் நாம் கொடுத்த மருந்தால் வந்தது.

நானும் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. என்னிடம் படித்த ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். முன்கட்டு, ஆசாரம், தொட்டியைச் சுற்றி நிற்கும் தூண்கள் எல்லாம் நேராக இருக்கின்றன. பொடக்காலிப் பக்கத்துச் சமையல்கட்டுச் சுவர் மட்டும் வயிறு தள்ளியிருக்கிறது. "டீச்சர், இந்த ஒரு சுவரைப் பிரிச்சு, அதே கல்லை வெச்சுத் திரும்பக் கட்டணும்" என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஒரு பல் சொத்தை என்றால் அந்தப் பல்லைத்தான் பிடுங்குவோம், தாடையையே எடுப்பதில்லை.

இரண்டாவது காரணம்: "யாரும் இல்லாத வீடு. பூட்டிக் கிடக்கறதுக்கு இடிச்சா என்ன?"

இதுதான் உண்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் ஊட்டிக் கதையை ஆரம்பித்தேன்.

சல்லிவன் இரண்டு இடத்தில் வீடு கட்டினார் என்றேன். கன்னேரிமுக்கு வீட்டைப் 'பெத்தக்கல் பங்களா' என்பார்கள். அதுவும் கெட்டியான வீடுதான். ஆனால் ஆள் புழக்கம் விட்டுப்போய், கவனிப்பாரில்லாமல் சிதிலமாகிக் கிடந்தது. பிறகு மாவட்டத்தில் அக்கறை உள்ளவர்கள் முயற்சி எடுத்துப் புதுப்பித்து, சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவணக் காப்பகமாகவும் ஆக்கினார்கள்.

ஊட்டிக் கல் பங்களாவுக்கு அந்த நிலைமை வரவில்லை. கலெக்டர் வீடாக இருந்தது. பிறகு ஊட்டி சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமாக ஆனபோது அந்த இடத்தில் அரசு அலுவலகங்கள் நடந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் கல்லூரி வந்தது. ஒருவர் போனால் இன்னொருவர் வந்தார்கள். தினமும் யாரோ ஒருவர் ஜன்னலைத் திறந்தார்கள். யாரோ ஒருவர் கூரை ஒழுகுகிறது என்று மேலிடத்துக்கு எழுதினார்கள்.

இரண்டையும் கட்டியவர் ஒருவரே. மலையும் ஒன்றே. ஒன்று சிதிலமாகி மீட்கப்பட்டது, மற்றது தொடர்ந்து நின்றது. நடுவில் இருந்த வித்தியாசம் ஆள் புழக்கம். அதனால் "யாரும் இல்லை, அதனால் இடிக்கிறோம்" என்று சொல்லாதீர்கள். யாரும் இல்லை என்றால் யாரையாவது குடிவைக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்: "அந்தக் காலத்து வீடு, இந்தக் காலத்துக்கு வசதிப்படாது."

வசதி என்றால் என்ன? சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு என் தம்பியின் புது மாடி வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு மேலே கான்கிரீட் தோசைக்கல். பிறகு வந்து கல் வீட்டு ஆசாரத்தில் உட்காருங்கள். இரண்டடிக்கு மேல் கனமான சுவர். வெயில் அதன் வெளிமுகத்தில் விழுந்து உள்முகத்துக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராத்திரி கொஞ்சம் வெக்கை விடும், உண்மைதான். அதற்குத்தான் நடுவில் தொட்டி வாசல். சூடு மேலே போகும், ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்சாரமே வராத ஊரில் இதை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சுவர் எப்படிக் கட்டினார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கரட்டில் பாறையின் மேல் கோடு கிழித்த மாதிரி வரிசையாகக் குழி அடிப்பார்கள். குழிக்குள் இரும்பு ஆப்பு இறக்கி, ஒன்று மாற்றி ஒன்றாகச் சம்மட்டியால் அடித்தால், பாறை கோட்டிலேயே பிளக்கும். மாட்டு வண்டியில் கொண்டு வந்து, முகம் கொத்தி அடுக்குவார்கள். சுவருக்கு வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை. நடுவில் சின்னக் கல்லும் காரையும். இரண்டு முகமும் பிரிந்து போகாமல் இருக்க, சில அடிக்கு ஒரு நீளக் கல்லைக் குறுக்கே படுக்க வைப்பார்கள். அந்தக் கல்லின் ஒரு தலை தெருவைப் பார்க்கும், மறுதலை வீட்டுக்குள் பார்க்கும். சமையல்கட்டுச் சுவர் வயிறு தள்ளியதற்குக் காரணம், பின்னால் அவசரமாகக் கட்டிய அந்தச் சுவரில் அந்த நீளக் கல் இல்லை.

காரைக்குச் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து மாடு கட்டி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் புளிக்கவைத்தார்கள். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930-களில்தான். கூரையில் இருக்கும் சீமை ஓடு மங்களூர் ஓடு. அந்த வகை ஓட்டை 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆலை போட்டுச் செய்யத் தொடங்கினார்கள். மேல்நாட்டு ஓடு, நம் கரட்டுக் கல், நம் சுண்ணாம்பு. தாத்தா புதுசு வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை. நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டார், இருப்பதையும் விடவில்லை. கழிப்பறை வேண்டுமா, பொடக்காலியில் தனியாகக் கட்டுங்கள். வயரிங் மாற்ற வேண்டுமா, மாற்றுங்கள். வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

நான்காவது காரணம்: "கடை கட்டினா வாடகை வரும். இடிக்கிறதுக்கும் செலவே இல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் மூன்று தரம் படித்தேன். இடிக்கும் ஒப்பந்தக்காரர் கூலி கேட்கவில்லையாம். "கல்லு, மரம், ஓட்டை எடுத்துக்கறேன், இடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துடறேன்" என்றாராம். அதை லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கண்ணுகளா, கணக்குப் போடுங்கள். ஒருவர் கூலி வாங்காமல் வேலை செய்கிறார் என்றால், கூலி எங்கிருந்து வருகிறது? கொத்திய கருங்கல் தூண்கள், ஒரே மரத்தில் இழைத்த உத்திரங்கள், தேக்கு நிலை, அதில் இருக்கும் பித்தளைக் குமிழ் எல்லாம் எங்கே போகும்? ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்குப் போகும். அங்கே 'பாரம்பரிய அனுபவம்' என்று பலகை வைத்து, ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். நம் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து, நம் தாத்தா தூணில் சாய்ந்து செல்ஃபி எடுப்பார்கள். விலை இல்லாத பழைய வீடு என்றால் அவர் ஏன் சும்மா இடிக்க வருகிறார்? வீட்டின் விலை தெரியாதவர்கள் நாம் மட்டும்தான்.

ஐந்தாவது காரணம் குடும்பத்திலிருந்து வரவில்லை. ஊட்டிப் படத்தை நான் இங்கே போட்டபோது என் மாணவர் ஒருவர் கேட்டார்: "டீச்சர், வெள்ளைக்காரன் மலையைப் பிடுங்கிக் கட்டின வீட்டை நீங்களே புகழலாமா?"

நல்ல கேள்வி தம்பி. உனக்கு ஒரு 'குட்' போடுகிறேன். உட்கார், பதில் சொல்கிறேன்.

அந்த மலை தோடர்களின் மேய்ச்சல் நிலம். சல்லிவன் ஏக்கர் ஒரு ரூபாய் என்று அவர்களிடம் நிலம் வாங்கினார். அவர் மலைக்காய்கறி கொண்டுவந்தார், ஏரி வெட்டினார் என்பதெல்லாம் நம் பொது அறிவுப் புத்தகங்களில் வரும். இந்த ஒரு ரூபாய் வராது. அதே சல்லிவன்தான் பிறகு, மலை நிலத்துக்குத் தோடர்களே சொந்தக்காரர்கள் என்று தன் அரசாங்கத்தோடு வாதாடினார். கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தது. அவருடைய மனைவியும் மகளும் 1838-ல் அடுத்தடுத்து இறந்து, ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறையில் கிடக்கிறார்கள். கொடுத்ததும் எடுத்ததும் இழந்ததும் எல்லாம் அந்த மலையில்தான் இருக்கின்றன.

கல் பங்களாவை இடித்திருந்தால் தோடர்களுக்கு நிலம் திரும்பிக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. ஒரு ரூபாய்க்கு என்ன நடந்தது என்று கேட்பதற்கு ஒரு சாட்சி குறைந்திருக்கும். வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறேன். கட்டியவர் காலில் விழச் சொல்லவில்லை.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் ஆசிரியை இல்லை.

நிலைவாசலில் 1928-க்குக் கீழே தாத்தா பெயர் இருக்கிறது. கரட்டில் கல் பிளந்தவர்கள் பெயர் இல்லை. கல்லைச் சுமந்த பெண்கள் பெயர் இல்லை. அவர்கள் தூக்கி வைத்த கல்லில் அமைந்த திண்ணையில், அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் உட்கார விட்டதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, கூலி வாங்க வந்த ஒரு பாட்டி வாசலில் வெயிலில் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திண்ணை காலியாகத்தான் இருந்தது. "உள்ளே வாங்க" என்று சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அடிதான் விழுந்திருக்கும்.

பிறகு நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்குப் போனபோது, அந்தப் பாட்டியின் பேரன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பாடம் நடத்தும்போது அந்தத் திண்ணை என் கண்ணில் படும். இந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் அந்த வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறேன். இடித்துவிட்டால் அந்தத் திண்ணையும் போய்விடும், அதில் நாம் செய்ததும் மறந்துவிடும். பிறகு உங்கள் பிள்ளைகள், "எங்க தாத்தா ஊருக்கே நல்லவர்" என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சரி, வேண்டாம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். என் யோசனை இது.

ஒன்று, இந்த மழைக்கு முன்னால் மேற்குப் பக்க ஓட்டை மாற்றுவோம். ஓட்டுக்கான செலவு என்னுடையது. ஓய்வூதியத்தில் எடுத்துக் கட்டுகிறேன், யாரும் பங்கு தர வேண்டாம்.

இரண்டு, அடிச்சுவரில் அடித்த சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு பூசுவோம். சமையல்கட்டுச் சுவரை மட்டும் பிரித்து, நீளக் கல் வைத்துக் கட்டுவோம்.

மூன்று, வாடகை வேண்டும் என்பவர்களுக்கு: தெருப் பக்கம் காலியாகக் கிடக்கும் மாட்டுக் கொட்டகை இடத்தில் இரண்டு கடை கட்டிக்கொள்ளுங்கள். வீட்டைத் தொட வேண்டியதில்லை. அதற்குப் பத்திரம் எழுதிக் கொண்டுவாருங்கள், அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

நான்கு, வீட்டில் நான் குடியேறுகிறேன். மாலையில் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை திண்ணையிலும் ஆசாரத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். காசு கிடையாது. என் காலத்துக்குப் பிறகு யார் அந்த ஜன்னலைத் திறப்பது என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், இப்போதே பேசுங்கள்.

என் அண்ணன் மகனுக்கு ஒரு வார்த்தை. தங்கம், நீ இஞ்சினியர். அத்தைக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைப்பது நியாயம்தான். அப்படியானால் நீயே தூக்குக்குண்டு கொண்டுவா. சுவரைப் பார், காரையைச் சுரண்டிப் பார், உத்திரத்தைத் தட்டிப் பார். நிற்காது என்று உன் படிப்பின் மேல் சத்தியமாக எழுதிக் கொடு. அப்போது பேசலாம். ஒரு நாள்கூட உள்ளே வந்து பார்க்காமல், வாட்ஸப்பில் வந்த போட்டோவைப் பார்த்து ஒரு வீட்டுக்குச் சாவு எழுதாதே.

நம்முடையது போன்ற வீடுகள் பெரும்பாலும் அரசாங்கப் பட்டியல் எதிலும் இருக்காது. கோட்டை, கோயில், கலெக்டர் பங்களாவுக்குக் கிடைக்கும் காவல் நமக்குக் கிடைக்காது. ஊர்க் கல் வீட்டுக்கு ஒரே காவல் அந்த வீட்டுக்காரர்கள்தான். அவர்களே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு யார் வந்து நிற்பார்கள்?

அப்பா இருந்தவரை, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சொத்து, ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அதனால் அதை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். இடிக்கச் சொல்பவர்களும் வாருங்கள், வேண்டாம் என்பவர்களும் வாருங்கள். மேஸ்திரியும் வருகிறார். காபி உண்டு. தொலைவில் இருக்கும் மாணவர்கள், உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், இடிப்பதற்குள் போய் ஒரு தரம் ஓட்டை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்
தொப்பம்பட்டி